கிலாபத்துகளின் வரலாற்றைப் படிக்கும் முறை: கிருஷ்ணகிரி, தருமபுரி வாசகர்களுக்கு ஒரு வழிகாட்டி

போட்டித் தேர்வுக்காகவோ, கல்லூரிப் பாடத்துக்காகவோ, ஆர்வத்தாலோ கிலாபத்துகளின், அதாவது நபிகளுக்குப் பின் முஸ்லிம்களின் தலைவர்களாக இருந்த கலீபாக்களின் ஆட்சிகளின், வரலாற்றைப் படிக்கத் தொடங்குபவர்களில் பலர் கலீபாக்களின் பெயர்களை மனப்பாடம் செய்வதிலேயே களைத்துவிடுகிறார்கள். 1258 வரையிலான அப்பாஸிய மரபுக் கலீபாக்கள் மட்டுமே முப்பத்தேழு பேர். அத்தனை பெயர்களையும் ஒப்பித்தாலும், 1258-இல் பாக்தாதில் வீழ்ந்த கிலாபத்தை 1924-இல் அங்காராவில் எப்படி ஒழிக்க முடிந்தது என்பதற்கு விடை கிடைக்காது. பட்டம் யாரிடம் இருந்தது, படையும் வரியும் யாரிடம் இருந்தன என்ற இரண்டையும் தனித்தனியே பார்த்துப் படித்தால்தான் இந்த வரலாறு பிடிபடும் என்பது என் கருத்து.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஆண்டு, தலைநகர், பட்டம் உடையவர், உண்மையான அதிகாரம் உடையவர் என்று நான்கு பத்திகளைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆண்டை எழுதும்போது, கி.பி. 622-இலிருந்து எண்ணப்படும் இஸ்லாமிய ஆண்டான ஹிஜ்ரிக் கணக்கு குறுக்கிடும். ஹிஜ்ரி ஆண்டு சந்திர ஆண்டாதலால் 622-ஐக் கூட்டினால் மட்டும் போதாது. ஹிஜ்ரி எண்ணை 0.97-ஆல் பெருக்கி, அதனுடன் 622-ஐக் கூட்ட வேண்டும். அப்பாஸியர் ஆட்சிக்கு வந்த ஹிஜ்ரி 132 இக்கணக்கில் 750 என்றும், பாக்தாத் வீழ்ந்த 656 ஏறத்தாழ 1258 என்றும் வரும். ஓராண்டு முன்பின்னாகப் போகக்கூடும் என்பதால் முக்கியமான தேதிகளை மட்டும் அட்டவணையில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

632 முதல் 661 வரை ஆண்ட அபூபக்கர், உமர், உஸ்மான், அலி ஆகிய நால்வரின் காலத்தில் மூன்றாம், நான்காம் பத்திகளில் ஒரே பெயரே வரும். அபூபக்கர் இரண்டே ஆண்டுகள்தான் ஆண்டார். உமரின் பத்தாண்டுகளில் சிரியா, எகிப்து, ஈராக் ஆகியவை கைப்பற்றப்பட்டு, படைவீரர்களுக்கு ஊதியம் வழங்கும் திவான் என்ற பதிவேடும் உருவானது. 656-இல் உஸ்மான் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்த உள்நாட்டுப் போரும், 680-இல் கர்பலாவில் அலியின் மகன் ஹுசைன் கொல்லப்பட்டதும் ஷியா, சன்னி பிரிவை விளங்கிக்கொள்ள இன்றியமையாதவை. இப்பகுதியை ஒரு சார்பு நூலை மட்டும் வைத்துக்கொண்டு படிக்க வேண்டாம்.

அடுத்து, சான்றுகளைப் பார்க்கப் பழகுங்கள். அக்காலத்தில் ஒரு நாட்டில் யாருடைய ஆட்சி ஏற்கப்பட்டது என்பதை அறிய இரண்டு அடையாளங்கள் போதும்: வெள்ளிக்கிழமைத் தொழுகையின் குத்பா என்ற உரையில் யாருடைய பெயர் சொல்லப்பட்டது, காசில் யாருடைய பெயர் பொறிக்கப்பட்டது என்பவையே அவை. குத்பாவின் அமைப்பை அறிய வெகுதூரம் போக வேண்டியதில்லை. உங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத்திடம் கேட்டால், முதல் நான்கு கலீபாக்களின் பெயர்கள் அதில் எந்த இடத்தில் வருகின்றன என்று சொல்வார். காசைப் பொறுத்தவரை உமய்யாக்களிடமிருந்து தொடங்க வேண்டும். டமாஸ்கஸில் இருந்து 661 முதல் 750 வரை ஆண்ட அவர்கள் தொடக்கத்தில் பைசாந்தியக் காசுகளையும் பாரசீகக் காசுகளையும் ஒட்டியே காசடித்தனர். கலீபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77-இல் உருவங்களை அறவே நீக்கி, அரபு எழுத்து மட்டுமே கொண்ட பொன் தினாரை வெளியிட்டார். அலுவலக மொழியும் அவர் காலத்தில்தான் அரபுக்கு மாறத் தொடங்கியது. ஜெருசலேமின் பாறைக் குவிமாடமும் அவர் கட்டியதே.

அப்பாஸியர் பகுதிக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். 762-இல் அல் மன்சூர் பாக்தாதை வட்ட வடிவ நகராக அமைக்கத் தொடங்கினார். ஹாரூன் அல் ரஷீதின் அரசவையில் வசீர்களாக (அமைச்சர்களாக) விளங்கிய பர்மக்கியர், பல்க் நகரத்துப் பௌத்த விகாரையைப் பரம்பரையாக நிர்வகித்த குடும்பத்தின் வழிவந்தவர்கள். 803-இல் அவர்கள் திடீரென்று வீழ்த்தப்பட்டனர். கிரேக்க மருத்துவத்தையும் தத்துவத்தையும், இந்திய வானியலையும் எண்முறையையும் அரபுக்குக் கொண்டுவந்த மொழிபெயர்ப்புப் பணி இக்காலத்தது. அதைக் கலீபா மாமூனின் ஞான இல்லம் ஒன்றே செய்து முடித்ததாகத் தேர்வுக் கையேடுகள் எழுதுவதை அப்படியே நம்பிவிடக் கூடாது. காகிதம் பரவியதும், வசீர்களும் செல்வர்களும் மொழிபெயர்ப்புக்குக் கைநிறையப் பணம் கொடுத்ததும் அதற்குச் சமமான காரணங்கள். கிரேக்க மருத்துவர் காலனின் (Galen) மருத்துவ நூல்களை மொழிபெயர்த்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஒரு கிறித்தவர். கணித அறிஞர் தாபித் இப்னு குர்ரா ஹர்ரான் நகரத்துச் சாபியர் என்ற வேறொரு சமயத்தவர். ஆகவே பண்பாட்டு வரலாற்றை எழுதும்போது அரசர்களின் பெயர்களைவிட இவர்களின் பெயர்களையும் ஊர்களையும் குறித்துக்கொள்வது பயன் தரும்.

945-க்கு வரும்போது உங்கள் மூன்றாம், நான்காம் பத்திகள் பிரிந்துவிடும். அவ்வாண்டில் புவைஹியர் என்ற ஷியா அமீர்கள் பாக்தாதைக் கைப்பற்றிய பின்னரும் சன்னி கலீபாவை அகற்றாமல் அப்படியே வைத்துக்கொண்டனர்; 1055-இல் அவர்களுக்குப் பதிலாகத் துருக்கிய செல்ஜூக் சுல்தான்கள் வந்து அமர்ந்தனர். இதே நூற்றாண்டுகளில் வட ஆப்பிரிக்காவில் 909-இல் தொடங்கிய பாத்திமியரும், கொர்தோபாவில் 929-இல் மூன்றாம் அப்துல் ரஹ்மானும் தங்களையே கலீபாக்களாக அறிவித்துக்கொண்டதால், ஒரே சமயத்தில் மூவர் அப்பட்டத்துடன் இருந்தனர். அதற்குரிய பக்கத்தில் மூன்று வரிசைகளாகப் பிரித்து எழுதாவிட்டால் நிச்சயமாகக் குழம்பும்.

பட்டத்தின் மதிப்பு தொலைவில் இருந்தவர்களிடம்தான் நீடித்தது. தில்லி சுல்தான் இல்துத்மிஷ் 1229-இல் பாக்தாதிலிருந்து அங்கீகாரம் பெற்றார். கடைசி பாக்தாத் கலீபா முஸ்தஅசிமை மங்கோலியர் 1258-இல் கொன்ற பிறகும் தில்லிக் காசுகளில் அவர் பெயர் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. பிற்காலத் தில்லி சுல்தான் முகமது பின் துக்ளக், கெய்ரோவில் எகிப்தை ஆண்ட மம்லூக்குகளின் நிழலில் வாழ்ந்த அப்பாஸியக் கலீபாவின் பெயரிலேயே காசடித்தார். அந்தக் கெய்ரோ மரபும் 1517-இல் துருக்கியின் உதுமானியர் எகிப்தைப் பிடித்ததோடு முடிந்தது.

இனி நம் வட்டாரத்துக்கு வரலாம். 1792-ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையின்படி ஆங்கிலேயருக்குப் போகும்வரை, பாராமகால் என்று அழைக்கப்பட்ட நம் பகுதி ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் ஆட்சியில் இருந்தது. 1786-இல் திப்பு, அப்போது கலீபா பட்டத்துக்கு உரிமை கொண்டாடிய உதுமானிய சுல்தானிடம் இஸ்தான்புலுக்கு ஒரு தூதுக்குழுவை அனுப்பித் தம் ஆட்சிக்கு அங்கீகாரமும், ஆங்கிலேயருக்கு எதிராக உதவியும், வணிக உரிமைகளும் கேட்டார். ரஷ்யாவுடன் போரில் சிக்கிய உதுமானிய அரசால் படை உதவி செய்ய இயலவில்லை. திப்புவின் காசுகளில் முகலாயப் பேரரசரின் பெயர் கிடையாது. மாறாக, பொற்காசுகளில் சித்தீகி அபூபக்கரையும், ஃபாரூக்கி உமரையும், செப்புக் காசான உஸ்மானி மூன்றாம் கலீபாவையும் நினைவூட்டுகின்றன. வெள்ளியில் ஹைதரி என்ற இரட்டை ரூபாய் அலியையும் திப்புவின் தந்தை ஹைதரையும் ஒருசேரக் குறிப்பதாகக் கொள்ளலாம். அவருடைய காசுகளை ஆராய்வோர் ஒன்றை நினைவில் கொள்க: பிற்காலக் காசுகளில் ஹிஜ்ரிக்குப் பதிலாக நபிகளின் பிறப்பிலிருந்து எண்ணும் மௌலூதி ஆண்டு வருகிறது, இலக்கங்களும் வலமிருந்து இடமாக எழுதப்பட்டிருக்கும். மேலே சொன்ன 0.97 கணக்கு அங்கே செல்லாது.

இறுதிப் பகுதியை முதல் உலகப் போரிலிருந்து படியுங்கள். தோற்ற உதுமானியப் பேரரசைப் பங்கிடும் முயற்சியை எதிர்த்தே இந்தியாவில் கிலாபத் இயக்கம் எழுந்தது. தமிழகத்தில் அதன் முக்கிய மையமாக இருந்தது கிருஷ்ணகிரிக்கு வடகிழக்கே உள்ள வாணியம்பாடி. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி அதனுடன் இணைந்த ஒத்துழையாமை இயக்கத்தின் முன்னணித் தலைவர்களுள் ஒருவர். துருக்கியோ 1922 நவம்பரில் சுல்தான் பதவியை நீக்கி, அதிகாரமற்ற கலீபாவாக இரண்டாம் அப்துல் மஜீதை வைத்திருந்து, 1924 மார்ச் 3 அன்று அப்பதவியையும் ஒழித்தது. அந்த வரிசையில் மூன்றாம் பத்தியில் அப்துல் மஜீத் என்றும், நான்காம் பத்தியில் அங்காராவின் தேசியப் பேரவை என்றும் எழுதிக்கொள்ளுங்கள்.