எலி அப்பாவின் பங்கை அளப்பது எப்படி

குட்டி வளர்ப்பில் எலி அப்பாவின் பங்கை அளக்க ஆய்வக வெள்ளை எலியை வைத்துத் தொடங்காதீர்கள். அதில் குட்டி வளர்ப்பது பெரும்பாலும் தாயின் பாடு. நான் பராமரிப்பது கலிஃபோர்னியா சுண்டெலிகளை. ஆணும் பெண்ணும் ஜோடியாகவே வாழும் இனம் இது. கலிஃபோர்னியாவின் ஹேஸ்டிங்ஸ் காப்பகத்துக் குடும்பங்களின் டி.என்.ஏ.வைச் சோதித்த உயிரியலாளர் டேவிட் ரிபிள், குட்டிகள் அந்தந்த ஜோடிக்கே பிறந்தவை என்று 1991இல் காட்டினார். பால் கொடுப்பதைத் தவிர எல்லாம் அப்பா செய்யும்.

ஜோடி சேர்த்தபின் ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் காத்திருங்கள். பிறப்பது பெரும்பாலும் இரண்டே குட்டிகள். கூடு கட்டப் பஞ்சு போடுங்கள், ஆனால் உள்ளே நடப்பது தெரியாத அளவுக்குத் திணிக்க வேண்டாம். குட்டி பிறந்த முதல் சில நாட்கள் கூண்டைச் சுத்தம் செய்யாமல் விடுங்கள்.

இவை இரவில் நடமாடுபவை, அதனால் விளக்கு அணைந்த நேரத்தில் சிவப்பு வெளிச்சத்தில் பாருங்கள். அப்பாவின் முதுகில் கொஞ்சம் முடியைக் கத்தரித்து வையுங்கள். இருட்டில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். போனில் டைமர் வைத்து நிமிடத்துக்கு ஒருமுறை குறியுங்கள்: குட்டிகள் மேல் கவிந்திருக்கிறதா, நக்குகிறதா, கூட்டில் இருந்தும் தொடாமல் இருக்கிறதா, வெளியே போய்விட்டதா. புதிதாக வருபவர்கள் நக்குவதை மட்டும் எண்ணுவார்கள், கவிந்திருப்பதைச் சோம்பல் என்று விட்டுவிடுவார்கள். ரோமமில்லாமல் பிறக்கும் குட்டிகளுக்கு ஆரம்ப நாட்களில் உடல்சூட்டைக் காக்கத் தெரியாது. அப்பா சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று நாம் நினைப்பதுதான் அதன் முக்கால்வாசி வேலை.

சரி, அப்பாவை எடுத்துவிட்டு ஒப்பிட்டால் போதாதா? இங்கேதான் சிக்கல். வெதுவெதுப்பான அறை, வயிறு நிறையத் தீனி என்றால் அப்பா இல்லாத குட்டிகளும் பெரும்பாலும் பிழைத்துவிடும். குளிரிலும், தீனிக்காகப் பெற்றோர் உழைக்க வேண்டியிருக்கும்போதும்தான் வித்தியாசம் தெரிகிறது. காட்டிலேயே அப்பாக்களை அகற்றிப் பார்த்த ஆய்வாளர்கள் குபெர்னிக்கும் டெஃபெரியும் குட்டிகளின் பிழைப்பு குறைந்ததை 2000இல் வெளியிட்டார்கள். இன்னொன்று, இந்த இனத்துப் பெண் எலி குட்டி போட்ட கையோடு மறுபடி சினையாகும். அப்பா இருக்கும் கூண்டில் தாய் பாலும் கொடுத்து வயிற்றிலும் சுமக்கும். குட்டி பிறக்குமுன்பே அப்பாவை எடுத்துவிட்ட கூண்டில் பால் மட்டும். ஆக நீங்கள் ஒப்பிடுவது அப்பாவை மட்டுமல்ல, இரண்டு வேறு நிலையில் இருக்கும் தாய்களையும்தான். தாயின் நேரத்தையும் தனியாகக் குறித்தால்தான் இதைப் பிரித்துச் சொல்ல முடியும்.

எனக்குப் பிடித்த வழி, அப்பாவைக் கூண்டில் வைத்துக்கொண்டே அதன் கவனிப்பைக் குறைப்பது. ஆய்வாளர் கேத்தரின் மார்லரின் குழு அப்படிச் செய்தது. இந்த இனத்தில், விரைகள் சுரக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அப்பாத்தனத்தைக் கூட்டுவதால், காயடித்த அப்பாக்கள் குட்டிகளோடு ஒட்டியிருப்பது குறைந்தது. காயடிப்பதற்கும் குளிரில் வைப்பதற்கும் விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி முதலில் கையில் இருக்க வேண்டும்.

குட்டிகளின் எடை, கண் திறக்கும் நாள், பிறகு வளர்ந்த ஆண்களின் சண்டைக்குணம், இவற்றைக் குறியுங்கள். ஓர் ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளை இரண்டு தரவாக எண்ணக் கூடாது. இருவருக்கும் அப்பா ஒருவரே, அதனால் பத்துக் கூண்டு இருந்தால் உங்கள் எண்ணிக்கை பத்துதான்.