கருத்துச் சொன்னதற்காக வேலை போகுமா? கல்லூரி ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெல்லைப் பக்கம் ஒரு கல்லூரி ஆசிரியர் முகநூலில் அரசியல் எழுதி, அது ஸ்கிரீன்ஷாட்டாகச் செயலரின் கைக்குப் போய்விட்டால் அன்று மாலையே ஸ்டாஃப் ரூமில் இரண்டு குரல்கள் கேட்கும். "அரசியல் சாசனம் இருக்கு, ஒண்ணும் பண்ண முடியாது" என்பது ஒன்று. "வாயைத் திறந்திருக்கவே கூடாது" என்பது இன்னொன்று. இரண்டையும் நம்ப வேண்டாம். முதலாவது ஆசிரியரை ஏமாற்றும், இரண்டாவது அவரை ஊமையாக்கும்.

பேச்சுரிமை தரும் பிரிவு 19(1)(அ) அடிப்படையில் அரசை நோக்கியது. தனியார் நிர்வாகத்திடம் அதை அப்படியே நீட்டி வேலையைக் காப்பாற்றுவது கடினம். ஆகவே முதலில் எடுத்துப் படிக்க வேண்டியது உங்கள் நியமன ஆணை. பாளையங்கோட்டையில் ஒரே கல்லூரியில் எய்டட் (அரசு சம்பளம் தரும் பணியிடம்) ஆசிரியரும் செல்ஃப் பைனான்ஸ் (நிர்வாகமே சம்பளம் தரும் சுயநிதிப் பணியிடம்) ஆசிரியரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருப்பார்கள். இருவரும் ஒரே வரியை எழுதினாலும் விளைவு ஒன்றாக இருக்காது.

அரசுக் கல்லூரியில் இருப்பவர் அரசு ஊழியர். 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் அவரைக் கட்டும்: கட்சி உறுப்பினராக முடியாது, பிரச்சாரத்துக்குப் போக முடியாது, அரசின் கொள்கையைப் பொதுவெளியில் தாக்கினால் கேள்வி வரும். அதே சமயம் விசாரணை இல்லாமல் அவரை வெளியேற்ற முடியாதபடி அரசியல் சாசனத்தின் பிரிவு 311 காக்கிறது. தனியார் கல்லூரி என்றால் 1976ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் (ஒழுங்குமுறை) சட்டம். உரிய அரசு அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் ஆசிரியரை நீக்கக் கூடாது என்கிறது அது. எய்டட் பணியிடத்தில் ஒப்புதல் பெற்றவருக்கு இது பெரிய பலம். செல்ஃப் பைனான்ஸில் பல இடங்களில் முறையான ஆணையே கொடுப்பதில்லை. அந்தப் பலத்தைக் கேட்டு வாங்குவதே ஒரு போராட்டம்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பாளையங்கோட்டையின் பழைய கல்லூரிகளில் பல சிறுபான்மை நிறுவனங்கள். அகமதாபாத் செயின்ட் சேவியர் கல்லூரி வழக்கில் 1974இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, இப்படிப்பட்ட முன் அனுமதி நிபந்தனையைச் சிறுபான்மைக் கல்லூரிகள் மீது திணிக்க முடியாது என்றது. அனுமதி இல்லாமல் நீக்க முடியாது என்று அங்கே நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஆனால் குற்றச்சாட்டைச் சொல்லி, விளக்கம் கேட்டு, விசாரிக்கும் கடமை அந்த நிர்வாகத்துக்கும் உண்டு.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, என் கணிப்பில், பயத்தில் எழுதிக்கொடுக்கும் ராஜினாமா. அலுவலகத்துக்குக் கூப்பிடுவார்கள். "சார்வாள், பிரச்சினை பெருசாகாம இருக்க ரெண்டு வரி எழுதிக் கொடுத்துட்டுப் போங்க, ஆறின பிறகு பாத்துக்கிடலாம்" என்று தன்மையாகவே சொல்வார்கள். அந்த இரண்டு வரியோடு நீக்கம் என்ற பேச்சே இல்லாமல் போய்விடுகிறது. நீக்கம் இல்லை என்றால் விசாரணை இல்லை, முன் அனுமதி இல்லை, மேல்முறையீடும் இல்லை. மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வாருங்கள். மன்னிப்புக் கடிதமும் இப்படித்தான்: 'தவறு செய்துவிட்டேன்' என்ற சொல் பின்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கோப்பில் ஏறும்.

விளக்கம் கேட்டு மெமோ வந்தால் பதில் சொல்லாமல் இருப்பதும் ஆபத்து. கெடு முடிவதற்குள், கோபம் இல்லாமல், எழுத்தில் பதில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். பதிவை நீக்குவதாக இருந்தாலும் அதற்கு முன் தேதியோடு முழுசாகச் சேமித்துக்கொள்ளுங்கள். வெட்டி ஒட்டிய ஸ்கிரீன்ஷாட்டுக்குப் பதில் அதுதான். அன்று மாலையே சங்கக் கிளையிடம் சொல்லிவிடுங்கள். எய்டட் ஆசிரியர்களுக்கு இந்தப் பக்கம் மூட்டா என்ற ஆசிரியர் சங்கம் இருக்கிறது.

அப்புறம், போலீஸ் வழக்கையும் வேலையையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது. கோலாப்பூரில் ஒரு கல்லூரிப் பேராசிரியர் மீது, காஷ்மீருக்குச் சிறப்பு அந்தஸ்து தந்த 370ஆவது பிரிவை நீக்கிய ஆகஸ்ட் 5ஐக் கறுப்பு நாள் என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் எழுதியதற்காக, பகையைத் தூண்டுவதைக் குற்றமாக்கும் இந்திய தண்டனைச் சட்டத்தின் 153ஏ பிரிவில் வழக்கு பாய்ந்தது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, அரசின் முடிவை விமர்சிக்க ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை உண்டு என்றது. (1908இல் வ.உ.சி. மீது சுமத்திய பிரிவுகளிலும் இந்த 153ஏ இருந்தது. இன்று அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 196.) பேசவே கூடாது என்பவர்களுக்கு இந்தத் தீர்ப்பைக் காட்டலாம். ஆனால் குற்ற வழக்கு ரத்தானால் துறை நடவடிக்கை தானாக ரத்தாகாது. காலமும் ஆகும். 2018இல் தூத்துக்குடி விமான நிலையத்தில் கோஷம் போட்டதற்காகக் கைதான ஆராய்ச்சி மாணவியின் வழக்கை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ரத்து செய்தது 2023இல்.

கல்லூரியின் பெயரையும் வகுப்பையும் அரசியலுக்குள் இழுக்காதீர்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கட்சிப் பதிவு வேண்டாம். அரசுக் கல்லூரி ஆசிரியர் வேட்பாளரின் பூத் ஏஜென்டாக உட்கார்ந்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 134ஏ பிரிவில் மூன்று மாதம் வரை சிறைக்கு இடமுண்டு. பாடத்தில் இருப்பதைப் பாடமாகச் சொல்வது வேறு, அது உங்கள் தொழில். அங்கேயும் நிலம் ஆடும் என்பதை 2020 நவம்பரில் பார்த்தோம்: மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், மாணவர் அமைப்பு ஒன்றின் எதிர்ப்புக்குப் பிறகு, மாவோயிஸ்டுகள் பற்றிய ஒரு நூலை எம்.ஏ. ஆங்கிலப் பாடத்திலிருந்து எடுத்துவிட்டது. அன்றன்றைய பாடத்திட்டத்தின் நகலைக் கையில் வைத்திருங்கள்.

வேலை போய்விட்டால் லேபர் கோர்ட்டுக்கு ஓடாதீர்கள். ஆசிரியர் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வரமாட்டார் என்று 1988இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தனியார் நிர்வாகத்தின் மேல் எல்லாப் பணி வழக்குக்கும் ரிட் (உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் மனு) செல்லாது என்று 2022இல் ஒரு தீர்ப்பு வந்திருக்கிறது. அதனால் எந்தக் கதவு என்பதை வக்கீலிடம் முதலிலேயே கேளுங்கள். கௌரவ விரிவுரையாளர்களும் தகுதிகாண் பருவத்தில் இருப்பவர்களும் ஆணையின் சொற்களைக் கவனிக்க வேண்டும். 'பணி தேவையில்லை' என்று மட்டும் இருந்தால் எதிர்ப்பது சிரமம். நடத்தையைக் குறை சொல்லி, பெயருக்குக் களங்கம் வரும்படி எழுதியிருந்தால், விசாரணை இல்லாமல் இதை எப்படி எழுதினீர்கள் என்று மதுரைக் கிளையில் கேட்க இடம் கிடைக்கும்.