உறைமண்ணை ஆண்டுக்கணக்கில் அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உலகெங்கும் உள்ள ஆழ்துளைகளின் பதிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், 2007 முதல் 2016 வரை பெர்மாஃப்ராஸ்ட் எனப்படும் நிரந்தர உறைமண்ணின் வெப்பநிலை சராசரியாக 0.29 டிகிரி செல்சியஸ் உயர்ந்திருந்தது. ஆண்டுக்குச் சுமார் 0.03 டிகிரிதான். உறைமண்ணைக் கண்காணிக்க இறங்குகிறவர் இந்தச் சின்ன எண்ணை எப்போதும் மனதில் வைத்திருக்க வேண்டும். 0.1 டிகிரி பிசகும் சென்சார் ஒன்று போதும், மூன்று ஆண்டு மாற்றத்தை விழுங்கிவிட.

தவறு பெரும்பாலும் துளை போடும்போதே தொடங்கிவிடுகிறது. கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இடையிலான ஏற்ற இறக்கம் 0.1 டிகிரிக்குள் அடங்கும் ஆழம், பல இடங்களில் 10 முதல் 20 மீட்டர். 5 மீட்டரோடு நிறுத்திவிட்டால் அந்தந்த ஆண்டின் பருவநிலைதான் பதிவில் ஓங்கி நிற்கும். நெடுங்காலப் போக்கு அதற்குள் மறைந்துபோகும். துளையிடும் உராய்வும் உள்ளே விடும் நீரும் சுற்றியுள்ள மண்ணைச் சூடாக்குகின்றன. அந்தச் சூடு தணிய மாதக்கணக்கில் ஆகும், சில இடங்களில் ஓராண்டுக்கு மேலும் ஆகும். முதல் மாத அளவைத் தொடக்கப் புள்ளியாக வைத்தால், உண்மையில் வெப்பமாகிவரும் இடம்கூடக் குளிர்ந்துவருவதுபோல் தெரியும்.

துளைக்குள் இறக்கும் கேசிங் என்ற காப்புக் குழாயை அகலமாகப் போடுவதும் ஆபத்துதான். குளிர்காலத்தில் மேலே உள்ள குளிர்காற்று கனத்து உள்ளே இறங்கும், அடியில் இருக்கும் வெப்பக்காற்று மேலேறும். அப்போது சென்சார் காட்டுவது மண்ணின் வெப்பநிலை அல்ல, குழாய்க்குள் சுழலும் காற்றின் வெப்பநிலை. குழாய் குறுகலாக இருக்கட்டும். அடிமுனையை நீர் புகாமல் அடைத்து, வாயை இறுக மூடுங்கள். காற்றோட்டத்தை நிறுத்தக் குழாயை மணலால் நிரப்புகிறவர்கள் உண்டு. நல்ல வழிதான், ஆனால் அதற்குப் பிறகு கேபிளை வெளியே எடுத்துச் சரிபார்க்க முடியாது. இருபது ஆண்டு அளக்கப்போகும் துளையில் கேபிள் கழற்றக்கூடியதாக இருப்பதே முக்கியம் என்பது எங்கள் கருத்து.

ஏனென்றால் கேபிளில் சென்சாராக இருக்கும் தெர்மிஸ்டர்கள் (வெப்பநிலைக்கேற்ப மின்தடை மாறுபவை) காட்டும் அளவு காலப்போக்கில் மெல்ல விலகும். சரிபார்க்கும் வழி எளியது, கெடுப்பதும் எளிது. காய்ச்சி வடித்த நீரில் செய்த பனிக்கட்டியைப் பொடியாக நொறுக்கி, நன்கு காப்பிட்ட குடுவையில் அடிவரை அடைக்க வேண்டும். இடைவெளிகளை மட்டும் அதே நீரால் நிரப்ப வேண்டும். குழாய்நீரில் கரைந்துள்ள உப்பு உறைநிலையைக் கீழே இழுத்துவிடும். பனி மேலே மிதந்து அடியில் வெறும் நீர் தேங்கினாலும் போச்சு: 4 டிகிரியில்தான் நீர் மிகக் கனமானது, ஆகவே அடியில் நிற்கும் நீர் 0 டிகிரிக்கு மேலே இருக்கும். சென்சாரை அந்தப் பனிக்குள் வைத்து, அளவு அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து, அது 0 டிகிரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்ற திருத்தத்தைத் தேதியோடு எழுதி வையுங்கள்.

கேபிளின் மின்தடையையும் மறக்கக்கூடாது. 0 டிகிரியை ஒட்டித் தெர்மிஸ்டரின் தடை டிகிரிக்கு ஏறத்தாழ 5 சதவீதம் மாறும். சென்சாரின் தடை 2,000 ஓம், கேபிளின் தடை 10 ஓம் என்றால், கணக்கில் சேர்க்காத அந்த 10 ஓம் மட்டுமே 0.1 டிகிரிப் பிழை. தடை அதிகமுள்ள தெர்மிஸ்டரைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

மேலே, கோடையில் உருகிக் குளிரில் மறுபடி உறையும் அடுக்கை அளப்பது இன்னொரு வேலை. இந்த அடுக்கைக் கண்காணிக்க 1991-இல் தொடங்கிய கால்ம் (CALM) என்ற பன்னாட்டு வலையமைப்பில் வழக்கமான முறை: 100 மீட்டர் சதுரத்தில் 10 மீட்டருக்கு ஒரு புள்ளி, மொத்தம் 121 புள்ளிகள். ஒவ்வொன்றிலும் எஃகுக் கம்பியை உறைமண் தட்டும்வரை இறக்கி ஆழத்தைக் குறிப்பார்கள். ஓர் ஆண்டு ஜூலையிலும் அடுத்த ஆண்டு செப்டம்பரிலும் குத்தினால் அந்த இரண்டையும் ஒப்பிடவே முடியாது. உருகல் முடியும் நேரத்தில்தான், ஆண்டுதோறும் அதே காலத்தில் குத்த வேண்டும். கல்லில் பட்டால் கம்பி ணங்கென்று அதிரும், உறைமண்ணில் மந்தமாக நிற்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு சாண் தள்ளிக் குத்திப் பாருங்கள். கடலடி வண்டலில் உப்பு இருப்பதால் 0 டிகிரிக்குக் கீழேயும் மண் இளகியே இருக்கும். அங்கே கம்பியை நம்பாமல் வெப்பநிலையை அளக்க வேண்டும். ஆண்டுதோறும் ஒரே தடத்தில் நடந்தால் பாசி மிதிபட்டு, தடத்தில் நீர் தேங்கி, அளக்க வந்தவரின் காலடியே மண்ணை உருக்கத் தொடங்கும். நடைபலகை போடுங்கள்.

இவை எல்லாவற்றிலும் அடிக்கடி தப்பிப்போவது தரை இறங்குவது. பனிக்கட்டி மிகுந்த மண் உருகினால் நீர் வடிந்து தரை தாழும். முதலில் கம்பி 50 செ.மீ. இறங்கியது, சில ஆண்டுகள் கழித்தும் 50 செ.மீ. தான். மாற்றமில்லை என்று எழுதிவிடுவார்கள். இதற்குள் தரையே 10 செ.மீ. தாழ்ந்திருந்தால், பழைய மட்டத்திலிருந்து உருகல் 60 செ.மீ. எட்டிவிட்டது. உறைமண்ணில் ஆழமாக ஊன்றிய, அசையாத ஒரு கம்பத்திலிருந்து தரைமட்டத்தை ஒவ்வோர் ஆண்டும் அளந்தால்தான் இது தெரியும்.

வெப்பநிலைக் கோடு 0 டிகிரிக்குச் சற்றுக் கீழே பல ஆண்டுகள் அசையாமல் நிற்பதைப் பார்த்து, அந்த இடம் பாதுகாப்பாக இருக்கிறது என்று முடிவு கட்டுவது மிக மோசமான தவறு. மண்ணின் கனஅளவில் 30 சதவீதம் பனிக்கட்டி என்று வைத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டரில் அதை உருக்க ஏறத்தாழ 90 மெகாஜூல் வேண்டும். அதே மண்ணை ஒரு டிகிரி சூடாக்க 2 மெகாஜூல் போதும். 45 டிகிரி சூடாக்கும் அளவு வெப்பம் உள்ளே போய்க்கொண்டிருக்கும்போது வெப்பமானி ஏறக்குறைய அசையாமல் நிற்கும். இப்படிப்பட்ட இடங்களில் மின்தடை அளவீட்டையும் சேர்த்துச் செய்யுங்கள்; பனி நீராக மாறும்போது மண்ணின் மின்தடை வெகுவாகக் குறையும்.

பனிப்பொழிவு அளவு இல்லாத பதிவு பாதிப் பதிவுதான். தடித்த பனிப்போர்வை குளிர்காலக் குளிரைத் தரைக்குள் போகவிடாது; காற்று அதே குளிரில் இருந்தாலும் பனி ஆழம் கூடினால் மண் வெப்பமாகும். அளவுகளைத் தானே பதிந்துவைக்கும் டேட்டா லாகர் பெட்டியைத் துளையின் மேலேயே வைத்தால், காற்றுபடாத அதன் மறைவுப் பக்கத்தில் பனி குவியும். பெட்டியைச் சில மீட்டர் தள்ளி, தரைமட்டத்துக்கு அருகில் வையுங்கள். பேட்டரி லித்தியம் வகையாக இருக்கட்டும். சாதாரண அல்கலைன் கடுங்குளிரில் ஓய்ந்துவிடும், பதிவில் ஒரு குளிர்காலமே காணாமல் போகும்.

சென்சாரை மாற்ற வேண்டி வந்தால் பழையதும் புதியதும் ஓராண்டாவது ஒரே துளையில் சேர்ந்து ஓடட்டும். இல்லாவிட்டால் மாற்றிய நாளில் தோன்றும் தாவல் மண்ணுடையதா கருவியுடையதா என்று யாராலும் சொல்ல முடியாது. லாகர் கடிகாரம் உலக நேரத்திலேயே இருக்கட்டும். ஆழம் எங்கிருந்து எண்ணப்பட்டது, குழாயின் வாயிலிருந்தா தரையிலிருந்தா என்பதையும் எழுதுங்கள்: உறையும் மண் குழாயைப் பற்றி மேலே தூக்கும், அப்போது பதிவேட்டில் 1 மீட்டர் என்றிருக்கும் சென்சார் 80 செ.மீ. ஆழத்தில் இருக்கலாம். ஒவ்வொரு முறை போகும்போதும் குழாய் தரைக்கு மேல் எவ்வளவு நீட்டியிருக்கிறது என்பதை டேப்பால் அளந்து, ஒரு புகைப்படமும் எடுத்து வையுங்கள்.