ஆப்பிரிக்க விலங்குக்கு ஜெர்மன் பெயர் வேண்டுமா?

அகராதியைத் தேடாதீர்கள், தமிழ் விக்கிப்பீடியாவில் அந்த விலங்கின் பக்கத்தைத் திறந்து மொழிப் பட்டியலில் 'Deutsch' (டாய்ச், அதாவது ஜெர்மன்) என்பதைத் தட்டுங்கள், வருகிற பக்கத்தின் தலைப்புதான் ஜெர்மன் பெயர். வேலூர் பக்கம் நர்சிங் முடித்துவிட்டு ஜெர்மன் படிக்கிறவர்கள், நீர்யானை, கழுதைப்புலிக்கெல்லாம் இப்படியே பார்த்துக்கொள்ளலாம், காசு செலவில்லை.

தனிச் சொல்லாகக் கொடுத்தால் மொழிபெயர்ப்புச் செயலி சில சமயம் எந்த இனம் என்று தெரியாமல் மாற்றிவிடும். விக்கிப்பீடியாவில் ஒரே விலங்கைப் பற்றிய எல்லா மொழிப் பக்கங்களும் விக்கித்தரவு (Wikidata) என்ற பொதுத் தரவுத்தளம் வழியாகக் கோக்கப்பட்டிருக்கும், அதனால் பெரும்பாலும் ஆள் மாறாது. டாய்ச் இணைப்பு இல்லையா, சரி, பக்கத்தில் இருக்கும் அறிவியல் பெயரை ஜெர்மன் விக்கிப்பீடியாவில் போட்டுத் தேடுங்கள், அது எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

பேச்சு வழக்குக்கு இது முழுதாக உதவாது. நீர்யானைக்குத் தலைப்பில் 'ஃப்ளுஸ்ஃபேர்ட்' என்று வரும், ஆனால் 'நீல்ஃபேர்ட்' என்றும் ஜெர்மானியர்கள் சகஜமாகச் சொல்வார்கள். காண்டாமிருகம் மாதிரி ஒரு குடும்பத்தையே சொல்லும் பக்கமாக இருந்தால் தலைப்பு பன்மையில் இருக்கும். அப்புறம் பெயருக்கு முன்னால் பாலைக் காட்ட வரும் டேர், டீ, டாஸ் (der, die, das) எது என்று தலைப்பில் இருக்காது, அதற்கு டூடன் (Duden) என்ற ஜெர்மன் அகராதியின் இணையதளத்தைப் பார்க்கலாம்.