லேப்டாப் கிராபிக்ஸ் சிப்: பெயரைப் பார்க்கும் முன் வாட்டைப் பாருங்கள்

லேப்டாப் வாங்கும்போது என்விடியா நிறுவனத்தின் கிராபிக்ஸ் சிப்பான ஆர்டிஎக்ஸ் 4090-இன் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். டெஸ்க்டாப் 4090-இல் 16,384 கூடா கோர்கள், அதாவது கணக்குப் போடும் சின்ன அலகுகள். லேப்டாப் 4090-இல் 9,728 தான். பெயர் ஒன்று, சிப் வேறு.

இதைவிட முக்கியமானது மின்சாரம். லேப்டாப் 4090-க்கு 80 முதல் 150 வாட் வரை எவ்வளவு கொடுக்கலாம் என்பதை லேப்டாப் தயாரிப்பாளரே முடிவு செய்கிறார். ஒல்லியான உடலில் குறைந்த வாட்டில் ஓடும் 4090-க்கும், தடிமனான உடலில் முழு வாட்டில் ஓடும், ஒரு படி கீழே உள்ள 4080-க்கும் இடையே வேகத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. விலையில் இருக்கும்!

அதே சமயம், வாட் இரண்டு மடங்கானால் வேகமும் இரண்டு மடங்காகாது. சிப்பின் கடிகார வேகத்தை, அதாவது நொடிக்கு எத்தனை சுற்று ஓடுகிறது என்பதை, ஏற்ற வோல்டேஜையும் ஏற்ற வேண்டும். மின்செலவோ வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். கடைசிக் கொஞ்ச வேகத்துக்குத்தான் அதிகச் சூடும் சத்தமும். அதனால் 100 வாட் அளவில் ஓடும் பெரிய சிப் மோசமான தேர்வு என்று நான் சொல்லமாட்டேன். அமைதியாக வேலை செய்ய விரும்புகிறவர்களுக்கு அதுதான் சரி.

கையில் இருக்கும் லேப்டாப்பில் சிப்புக்கு எவ்வளவு வாட் என்று தெரிய, என்விடியா கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து 'கிராபிக்ஸ் பவர்' வரியைப் பாருங்கள். சிபியு பயன்படுத்தாத வாட்டைக் கிராபிக்ஸ் சிப்புக்குத் திருப்பிவிடும் டைனமிக் பூஸ்ட் வசதி இருந்தால், அந்த வாட்டும் அதில் சேர்ந்திருக்கலாம். அப்புறம், இரண்டு லேப்டாப்பின் வேகத்தை ஒப்பிடுவதானால், இரண்டையும் சார்ஜரில் செருகிய பிறகே ஒப்பிடுங்கள். பேட்டரியில் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும்.