பிளேட்லெட்ல பிஎஸ் வெளிய வந்துருச்சான்னு ஃப்ளோ சைட்டோமெட்ரில பாக்குறது எப்படி

ஃப்ளோ சைட்டோமெட்ரின்னா செல்ல ஒவ்வொண்ணா லேசர் முன்னாடி ஓடவிட்டு அளக்குறது. பிளேட்லெட்னா ரத்தம் உறைய உதவுற தட்டணு. நாம தேடுறது பாஸ்ஃபடிடைல்செரின்ங்குற லிப்பிட் (கொழுப்பு), சுருக்கமா பிஎஸ். சும்மா இருக்குற பிளேட்லெட்ல இந்த லிப்பிட் மெம்பிரேனோட உள்பக்கம்தான் இருக்கும், ஃபிளிப்பேஸ்ங்குற புரதம் ஏடிபி (செல்லோட எரிசக்தி) செலவு பண்ணி அத அங்கயே வச்சிருக்கும். கொலாஜன் வந்து பிளேட்லெட் மேல இருக்குற ஜிபிவிஐ ரிசெப்டர்ல ஒட்டுனா பிஎல்சி காமா 2ங்குற என்சைம் வேலைய ஆரம்பிச்சு பிஐபி2ங்குற இன்னொரு லிப்பிட்ட ஐபி3, டிஏஜின்னு ரெண்டா வெட்டும், ஐபி3யால உள்ள சேத்து வச்ச கால்சியம் வெளிவரும், வெளிய இருந்தும் கால்சியம் நுழையும், அந்த அளவு கூடி நிலைச்சு நின்னா லிப்பிட்ட ரெண்டு பக்கமும் கலக்கிவிடுற ஸ்க்ராம்பிளேஸ்ங்குற புரதம் தொறந்து பிஎஸ் வெளிப்பக்கம் வந்துரும். அதுமேலதான் டெனேஸ், புரோத்ராம்பினேஸ்ங்குற ரெண்டு என்சைம் கூட்டும் உக்காந்து, ரத்தத்த உறைய வைக்குற த்ராம்பின உண்டாக்குது, அதனாலதான் இத அளக்குறது இவ்ளோ முக்கியம்.

மொதல்ல ரத்தம். குடுக்குறவங்க 10 நாளா ஆஸ்பிரின் போடாம இருக்கணும், அது பிளேட்லெட்ல இருக்குற காக்ஸ்-1 என்சைம நிரந்தரமா அடைச்சிரும், பிளேட்லெட்டுக்கு நியூக்ளியஸ் இல்லாததால புதுசா செஞ்சுக்கவும் முடியாது. 21 கேஜ் ஊசி, ரத்தம் உறையாம தடுக்குற 3.2% சிட்ரேட் டியூப், மொத டியூப கழிச்சிருங்க. ஃப்ரிட்ஜ்ல வைக்கவே வைக்காதீங்க, குலுக்காதீங்க. சென்ட்ரிஃபியூஜ்ல 200 ஜி விசைல மெதுவா சுத்தி மேல நிக்கிற பிஆர்பிய (பிளேட்லெட் நிறைஞ்ச பிளாஸ்மா) எடுங்க, கழுவும்போது பிளேட்லெட் தூண்டப்படாம இருக்க பிஜிஇ1 சேருங்க, அப்புறம் கொஞ்சம் ஓய்வு குடுங்க. கழுவாம பிளாஸ்மாலயே த்ராம்பின் போட்டா டியூப்ல கட்டிதான் மிஞ்சும்.

தூண்டுறதுக்கு த்ராம்பினும் கன்வல்க்சினும் (ஜிபிவிஐய தூண்டுற பாம்பு விஷப் புரதம்) சேர்த்து போடுங்க, தனி த்ராம்பின்ல கொஞ்சம் பிளேட்லெட்தான் பிஎஸ் காட்டும். பிறகு பிஎஸ்ல ஒட்டுற ஒளிரும் புரதமான அனெக்சின் வி, கூட பிளேட்லெட்ட அடையாளம் காட்டுற சிடி61 ஆன்டிபாடி, இருட்டுல 15 நிமிஷம், உடனே மெஷின்ல ஓட்டிருங்க. இன்னொரு பிளேட்லெட் அடையாளமான சிடி42பி வேணாம்னு சொல்வேன், தூண்டுனதும் அது மேற்பரப்புல கொறஞ்சிரும். பிளேட்லெட் சின்னது, அதனால செல்ல பட்டு சிதறுற ஒளிய அளக்குற ஃபார்வர்ட், சைட் ரெண்டு ஸ்கேட்டரும் லாக் ஸ்கேல்ல வைங்க.

இதுல எல்லாமே கால்சியத்துலதான் நிக்குது. அனெக்சின் வி கால்சியம் இல்லாம பிஎஸ்ல ஒட்டாது, பஃபர்ல 2.5 மில்லிமோலார் இருக்கணும், சிட்ரேட் மிச்சம் இருந்தா அதையும் தின்னுரும். அதனால தூண்டாத சாம்பிள் ஒண்ணு, கால்சியத்த நேரா உள்ள விடுற ஏ23187 அயனோஃபோர் போட்டது ஒண்ணு, கடைசில கால்சியத்த பிடிச்சு வச்சுக்குற இடிடிஏ ஊத்துனது ஒண்ணு, இந்த மூணு கன்ட்ரோலும் இல்லாத ரிசல்ட்ட நான் நம்ப மாட்டேன்.

அயனோஃபோர் போட்டும் சிக்னல் ஏறலன்னா மொதல்ல பஃபர சந்தேகப்படுங்க. பக்கத்துலயே ஓட்டுன நார்மல் சாம்பிள் நல்லா ஏறி, நோயாளியோடது மட்டும் அப்படியே கெடந்தா பிஎஸ் வெளிய வராத பரம்பரை ரத்தக்கசிவு நோயான ஸ்காட் சிண்ட்ரோமா இருக்கலாம். ரொம்ப அரிது, ஸ்க்ராம்பிளேஸ உண்டாக்குற டிமெம்16எஃப் ஜீன்ல கோளாறுன்னு 2010ல தெரிய வந்துச்சு, அந்த ஜீன சீக்வென்ஸ் பண்ணச் சொல்லி அனுப்புங்க.