கல்வெட்டை நாடகமாக்கும்போது செய்யக்கூடாதவை

பழைய ஆவணத்தைக் காட்சியாகவோ கடிதமாகவோ மாற்றி எழுதினால் அது நன்றாகப் பிடிபடும். அப்படி எழுத வருகிற புதியவர்கள் செய்கிற தவறுகள் எல்லாமே நான் ஒரு காலத்தில் செய்தவை. அதனால் கோபப்படவும் முடிவதில்லை. ஆண்டு, பெயர்ப் பிழைகளை விட்டுவிடுகிறேன். அவற்றை யாராவது திருத்திவிடுவார்கள்.

பழந்தமிழில் பேசவைப்பது

வேண்டாம். பாவனைதான் மிஞ்சும்.

ஆவணம் சொல்லாததை நம் ஆசையால் நிரப்புவது

சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 14ஆம் ஆட்சியாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டை நாடகமாக்கினேன். ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகளைச் சொல்கிற கல்வெட்டு அது. ஓர் உழவனின் மனைவி வரிசையில் நின்று குடத்தில் ஓலை போடுவதாக ஒரு காட்சி. நல்ல கைதட்டல். அப்புறம் ஒரு பெரியவர் மெதுவாகக் கேட்டார்: "இது எந்த வரியில இருக்கு தம்பி?"

எந்த வரியிலும் இல்லை. அது பிரமதேய ஊரின், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊரின், சபை. ஓலையில் பெயர் ஏறவே, பொதுவாக, வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள், வேதமும் ஓதியிருக்க வேண்டும். யாரும் வாக்களிக்கவில்லை, பெயர்களைக் குடத்திலிட்டுக் குலுக்கி எடுத்தார்கள். 'குடவோலை' என்று படித்ததும் நான் வாக்குப்பெட்டியைப் பார்த்துவிட்டேன்.

இன்றும் எரிச்சலூட்டுவது இனிமேல்தான். இரண்டு வருஷம் கழித்து ஒரு மாணவரின் கட்டுரையில் அந்த உழவன் மனைவி கல்வெட்டுச் சான்றாக நிற்கிறாள்! அவள் என் கற்பனை என்று எத்தனை பேரிடம் போய்ச் சொல்வது?

இத்தனைக்கும் நல்ல நாடகம் கல்லிலேயே இருந்தது. சிறுவன் எடுத்துத் தரும் ஓலையை நடுவரான மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்கிறது விதி. பலமுறை படித்தும் கவனிக்காமல் போயிருந்தேன். மறுபடி ஒத்திகை பார்த்தபோது நடிகர் கையை மூடி வாங்கினார். சரி, இந்தக் கைக்குள் வேறோர் ஓலை இருந்தால்? முன்பு யாரோ மாற்றியிருக்கக்கூடும், அதனால்தான் இந்த விதி என்று தோன்றியது. இது என் ஊகம். அதனால் பிரதியில் பென்சிலால் எழுதியிருக்கிறேன். கல் சொன்னது மட்டும் மையில்.

விதியை வகுத்தவர் பக்கமே நிற்பது

முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரோடு அவருடைய அத்தை மகனையும் தேர்விலிருந்து விலக்கினார்கள். அந்த அத்தை மகனை ஒரு பக்க அளவுக்குப் பேசவிடுங்கள், பென்சிலில்தான்.